ஈ.பி.எவ் காசில் கைவைக்காதீர்கள்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும் என்று எங்கள் பெரியவர்கள் சொன்னதற்குச் சம்பளத்தை விடப் பெரிய காரணம் பென்சன். மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் உழைத்துவிட்டு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்குத் திரும்பியவர்களுக்கு மாதம் தவறாமல் காசு வந்தது. அந்தக் காசில் கல்வீடு எழும்பியது, பிள்ளைகள் படித்தார்கள். அதே காலத்தில் அதே கொக்குவிலில் சுருட்டுக் கொட்டிலில் இருந்து சுற்றியவருக்குச் சுற்றிய எண்ணிக்கைக்குக் கூலி. கண் மங்கி, விரல் தளர்ந்த அன்றைக்கு வருமானமும் நின்றது. கொக்குவில் சுருட்டுத் தென்னிலங்கைக் கடைகளில் விலைபோய்ப் பல குடும்பங்களை வாழவைத்தது. ஆனால் சுற்றிய கைகளுக்கு முதுமையில் எதையும் விட்டுவைக்கவில்லை.

இன்று கொக்குவிலில் இருந்து காலையில் வேலைக்குப் போகும் இளையவர்களில் பலர் தனியார் துறைக்காரர். லீசிங் கம்பனி, தொலைபேசிக் கடை, தனியார் ஆஸ்பத்திரி, மென்பொருள் நிறுவனம், காங்கேசன்துறை வீதியில் இருக்கும் ஹாட்வெயார் கடை. இவர்கள் எவருக்கும் பென்சன் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் மாமா தொலைபேசியில் கனடாவின் ஆர்.ஆர்.எஸ்.பி பற்றியும் ரி.எவ்.எஸ்.ஏ பற்றியும் சொல்லும்போது, வரி பிடிக்காத இப்படியான ஓய்வுகாலச் சேமிப்பு எங்களுக்கு இல்லையே என்று கேட்பார்கள். இருக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே உங்கள் பெயரில் அதைத் திறக்கவேண்டும் என்று 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது. ஊழியர் சேமலாப நிதியம், பேச்சில் ஈ.பி.எவ். நாட்டின் மிகப் பெரிய ஓய்வுகால நிதியம் அதுதான்.

உங்கள் சம்பளத்தில் குறைந்தது 8 சதவீதம், முதலாளியின் கையிலிருந்து குறைந்தது 12 சதவீதம், ஆக 20 சதவீதம் மாதாமாதம் அதில் சேரவேண்டும். இதைவிட 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு, அதாவது ஈ.ரி.எவ்வுக்கு, முதலாளி மட்டும் 3 சதவீதம் போடவேண்டும். ஐந்து வருடம் வேலைசெய்து விலகினால், 15 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடமாக இருந்தால், 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பணிக்கொடையும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்பது கணக்கு.

வரி எங்கே மிச்சமாகிறது?

முதலாளி போடும் 12 சதவீதம் உங்கள் கைக்கு வரும் சம்பளமாகக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. அதனால் அதற்குச் சம்பள வரி இல்லை. வங்கியில் நிலையான வைப்புப் போட்டால் 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதத்தை வங்கியே பிடித்துக்கொள்கிறது. வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள் சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். ஈ.பி.எவ் கணக்கில் ஏறும் வட்டிக்கு அந்த அலைச்சலே வேண்டாம். முடிவில் காசை எடுக்கும்போது உங்கள் பங்குக்கும், நிதியம் அதில் ஈட்டித்தந்த வருமானத்துக்கும் வரி இல்லை. முதலாளி போட்ட பங்கு பணிக்கொடை போன்ற மற்ற ஓய்வுகாலக் கொடுப்பனவுகளோடு சேர்த்துப் பார்க்கப்படும். அதிலும் முதல் ஒரு கோடி ரூபாய்க்கு வரி பூச்சியம், அடுத்த ஒரு கோடிக்கு 6 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம்.

கனடாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளியும். 1957 இல் வந்த ஆர்.ஆர்.எஸ்.பியில் போடும் காசை அந்த வருட வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், எடுக்கும்போது வரி கட்டவேண்டும். 2009 இல் வந்த ரி.எவ்.எஸ்.ஏயில் போடும்போது கழிவு கிடையாது, எடுக்கும்போது வரியும் கிடையாது. எங்கள் 8 சதவீதம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. சம்பள வரியில் அதற்குக் கழிவு கேட்கமுடியாது. மாதம் ஒன்றரை இலட்சத்துக்குக் கீழே சம்பளம் எடுப்பவருக்கு இப்போது சம்பள வரியே இல்லை என்பதால் அவருக்கு இது இழப்பும் அல்ல.

ஒன்றை மறைக்கக்கூடாது. நிதியம் தன் முதலீட்டு வருமானத்துக்கு 14 சதவீதம் வரி கட்டிவிட்டுத்தான் உங்களுக்கு வட்டி தருகிறது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நடந்தபோது, பழைய திறைசேரி முறிகளைப் புதிய முறிகளுக்கு மாற்றச் சம்மதிக்காத ஓய்வுகால நிதியங்களுக்கு அந்த வரி 30 சதவீதமாக ஏறும் என்று அரசு சட்டம் கொண்டுவந்தது. ஈ.பி.எவ் மாற்றச் சம்மதித்தது, 14 சதவீதத்தில் நின்றது. உழைத்தவர்களிடம் எவரும் கேட்கவில்லை. அது அநியாயம் என்பதே என் எண்ணம்.

அறுபதாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் என்ன வரும்?

25 வயதில் ஒரு பிள்ளை மாதம் 60,000 ரூபாய்க்கு வேலைக்குச் சேர்கிறாள் என்று வைப்போம். அவளின் பங்கு 4,800, முதலாளியின் பங்கு 7,200. மாதம் 12,000 ரூபாய், வருடம் 1,44,000. சம்பளம் ஒரு சதமும் ஏறாது, வட்டி வருடம் 9 சதவீதம் என்று கடுமையாகவே கணக்குப் பார்த்தாலும், 55 வயதில் கணக்கில் ஏறத்தாழ 1 கோடியே 96 இலட்சம் இருக்கும். அதில் போட்ட காசு 43 இலட்சம்தான். மிச்சம் முழுவதும் வட்டியும் வட்டிக்கு வட்டியும்.

இனி இதைக் கவனியுங்கள். அவள் 35 வயதில் அதுவரை சேர்ந்ததை எடுத்துவிட்டு, திரும்பவும் அதே சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்து 55 வரை உழைக்கிறாள். எடுத்த தொகை ஏறத்தாழ 22 இலட்சம். பிறகு இருபது வருடத்தில் சேர்வது 74 இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. எடுக்காமல் விட்டிருந்தால் அந்த 22 இலட்சம் மட்டுமே 1 கோடியே 22 இலட்சமாகியிருக்கும். முதல் பத்து வருடக் காசுதான் மொத்தத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல். இருபதுகளில் இருப்பவர்கள் சம்பளம் குறைவு, இப்ப என்ன சேரப்போகுது என்று சொல்லும்போது எனக்குப் பதறுவது இதனால்தான்.

முப்பது வருடத்துக்குப் பிறகு 1 கோடியே 96 இலட்சத்துக்கு இன்றைய பெறுமதி இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால் அது இன்றைய 45 இலட்சத்துக்குச் சமன். மாதம் 60,000 எடுக்கும் ஒருவருக்கு அது ஆறு வருடச் சம்பளம். போதாது. ஆனால் வெறுங்கையோடு நிற்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

முதல் ஓட்டை: பே சிலிப்

கணக்கு இருந்தும் காசு குறைவாக ஏறுவதற்கு முதற்காரணம் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து எழுதுவது. பே சிலிப்பை எடுத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 30,000, விசேட கொடுப்பனவு 30,000, மொத்தம் 60,000 என்று இருக்கும். ஈ.பி.எவ் 30,000 க்குத்தான் கழிக்கப்பட்டிருக்கும். மாதம் 12,000 சேரவேண்டிய இடத்தில் 6,000. முப்பது வருடத்தின் முடிவில் ஒரு கோடிக்குக் கிட்ட இழப்பு. சட்டம் உழைப்பூதியம் என்று சொல்வதில் அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப்படி, விடுமுறைச் சம்பளம், சாப்பாட்டின் பெறுமதி, கொமிஷன், துண்டுவேலைக் கூலி எல்லாம் அடங்கும். ஓவர்டைம் சேராது. கொடுப்பனவு என்று பெயரை மாற்றி வைத்தால் மாதாமாதம் நிலையாகத் தரும் சம்பளம் சம்பளம் இல்லாமல் போய்விடாது.

சின்னக் கடைகளில் பேச்சு வேறுமாதிரிப் போகும்.

“பிள்ளை, ஈ.பி.எவ் எல்லாம் என்னத்துக்கு? அந்தக் காசையும் சேர்த்துக் கையில தாறன்.”

“அண்ணை, கையில தந்தா அது மாசமுடிவில முடிஞ்சுபோம். நீங்கள் போடவேண்டிய பன்னிரண்டைப் போடுங்கோ, என்ர எட்டைக் கழியுங்கோ.”

இப்படிச் சொல்லத் துணிவு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். சொல்வதற்கு முன் சட்டம் எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரேயொரு ஆளை வேலைக்கு வைத்திருக்கும் கடைக்கும் ஈ.பி.எவ் கட்டாயம். தற்காலிகம், நாட்கூலி, துண்டுவேலை, பயிற்சிக்காலம் என்ற காரணங்கள் செல்லாது. ஆக, எண்ணிக்கைக்குச் சுருட்டுச் சுற்றும் ஒரு கூலித்தொழிலாளிக்கும் இந்த உரிமை உண்டு. வீட்டு வேலைக்காரரும் குடும்பத்தவர் மட்டும் சேர்ந்து நடத்தும் தொழிலும் விதிவிலக்குகளில் அடங்கும். ஒரு மாதத்துக்குரிய பணத்தை அடுத்த மாத இறுதிக்குள் கட்டவேண்டும். பிந்தினால் 5 முதல் 50 சதவீதம் வரை முதலாளி மேலதிகமாகக் கட்டவேண்டி வரும். முதலாளி தன் 12 சதவீதத்தையும் உங்கள் சம்பளத்தில் வெட்டினால் அது சட்டவிரோதம். பே சிலிப்பில் 20 சதவீதமும் உங்கள் பக்கத்தில் கழிக்கப்பட்டிருந்தால் உடனே கேளுங்கள்.

முதலில் கணக்காளரிடம் கேளுங்கள், பிறகு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். முறைப்பாட்டுக்கு நியமனக் கடிதம், பே சிலிப், சம்பளம் வந்த வங்கிக் கூற்று, வரவுப் பதிவு என்று எது கையில் இருந்தாலும் உதவும். நியமனக் கடிதமே தராத இடம் என்றால் சம்பளத்தை வங்கிக்குப் போடச் சொல்லி வற்புறுத்துங்கள். வங்கிக் கூற்று நல்ல சாட்சி. 1995 இடப்பெயர்வில் குடாநாட்டுக் குடும்பங்கள் வீட்டையும் பத்திரங்களையும் விட்டுவிட்டுப் போன கதை எல்லோருக்கும் தெரியும். அதனால் பே சிலிப்புகளைப் படம் எடுத்து மின்னஞ்சலில் வைத்திருங்கள், கடதாசியை மட்டும் நம்பவேண்டாம்.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. சம்பளத்தில் பாதியைக் கொடுப்பனவாக எழுதி இன்று நீங்கள் மிச்சம்பிடிப்பது உங்கள் கடையில் நின்று உழைத்த பிள்ளையின் முதுமையை.

இரண்டாவது ஓட்டை: எங்கள் கை

ஈ.பி.எவ்வைச் சாதாரணமாக எடுக்கும் வயது ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50. தனியார் துறையில் ஓய்வுபெறும் குறைந்தபட்ச வயதை 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் 60 ஆக்கிவிட்டது, ஈ.பி.எவ் வயதோ மாறவில்லை. அந்த வயது வந்தவுடன் எடுக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. 50 வயதில் ஆரோக்கியமாக வேலையில் இருக்கும் ஒரு பெண் காசை எடுத்து வீட்டுக்கு மேல்மாடி கட்டுவதைவிட, விட்டுவைப்பதே நல்லது.

அதற்கு முன்பே எடுக்கச் சட்டம் சில வழிகள் வைத்திருக்கிறது. நிரந்தர இயலாமை, வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறுதல், பென்சன் உள்ள அரச வேலையில் சேர்தல், திருமணத்தின் காரணமாகப் பெண் வேலையை விடுதல். கடைசி வழிதான் எங்கள் பக்கத்தில் பெரிய ஓட்டை. கலியாணம் என்றதும் வேலையை விடு, ஈ.பி.எவ்வை எடு, நகைக்கோ மண்டபத்துக்கோ உதவும் என்று வீட்டார் சொல்வார்கள். ஐந்து வருடம் உழைத்த காசு ஒரு நாள் செலவில் கரையும். தங்கச்சி, அதை எடுக்காதீர்கள். வேலையை விட்டாலும் கணக்கு அப்படியே இருக்கும், வருடாவருடம் வட்டி ஏறும். உங்கள் பெயரில், எவரிடமும் கேட்காமல் முதுமையில் உங்களுக்குக் கிடைக்கும் காசு அதுவாக மட்டும் இருக்கக்கூடும். வெளிநாட்டுக்கே நிரந்தரமாகப் போகிறவர்களின் நிலை வேறு. எடுப்பதானால் அங்கே போய் அதே நோக்கத்துக்கான கணக்கில் போடுங்கள்.

வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் 30 சதவீதம் வரை முன்கூட்டி எடுக்கும் வசதி உண்டு. பத்து வருடம் பங்களித்திருக்கவேண்டும், கணக்கில் குறைந்தது 3 இலட்சம் இருக்கவேண்டும், உச்சவரம்பு 20 இலட்சம். உயிருக்கு அவசரமான சத்திரசிகிச்சை என்றால் தயங்காமல் எடுங்கள். கூரை ஒழுகாத வீட்டுக்கு ஓடு மாற்ற எடுப்பதை ஏற்கமாட்டேன். நிலுவையைப் பிணையாகக் காட்டி வீட்டுக் கடன் எடுக்கும் வழியும் இருக்கிறது. தவணை தவறினால் கடன் ஈ.பி.எவ்விலிருந்து கழியும் என்பதை நினைவில் வைத்து முடிவெடுங்கள்.

ஈ.ரி.எவ் கதை வேறு. வேலை மாறும்போது அதை எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்பது விதி. எடுக்கலாம் என்பதற்காகவே எல்லோரும் எடுக்கிறார்கள். வேலையில்லாத மாதங்களுக்குச் சோறு போட எடுத்தால் சரி. புது வேலை கையில் இருக்கும்போது எடுப்பது வீண். அங்கத்தவராக இருக்கும் வரை இறப்புக் காப்புறுதி, இருதய சத்திரசிகிச்சைக்கு உதவி, பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் போன்றவையும் ஈ.ரி.எவ்வில் உண்டு. பலருக்கு இது தெரியாது.

ஈ.பி.எவ் மட்டும் போதுமா?

போதாது. 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த வருடத்துக்கு நிதியம் தந்த வட்டி 9 சதவீதம். ஓய்வுபெறும் வயதில் இருந்தவர்களுக்கு அது பேரிடி. 2023 க்கு 13 சதவீதம் தந்தார்கள், வருட முடிவில் பணவீக்கம் 4 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது, கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் ஒரே ரூபாயில், ஒரே அரசின் முறிகளில் முழு முதுமையையும் வைப்பது ஆபத்து என்பதை 2022 காட்டிவிட்டது.

எங்கள் ஆட்கள் தங்கமும் காணியும் வாங்குவது இதனால்தான், அதில் நியாயம் இருக்கிறது. சீட்டை மட்டும் ஓய்வுகாலத் திட்டமாக எண்ணவேண்டாம். சீட்டு ஒரு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ உரிய ஏற்பாடு, பிடித்தவர் ஓடினால் கேட்க ஆளில்லை. என் ஆலோசனை: ஈ.பி.எவ்வைத் தொடாமல் அடித்தளமாக வையுங்கள். ஆறு மாதச் செலவுக்கு வங்கியில் காசு வையுங்கள், அந்தக் காசு இருந்தால் ஈ.பி.எவ்வை உடைக்கும் தேவை வராது. அதன் பிறகு முடிந்த அளவுக்குத் தங்கம். சம்பளம் நல்லாக இருப்பவர்கள் 8 சதவீதத்துக்கு மேல் போட நிறுவனம் சம்மதிக்குமா என்று கேட்டுப் பாருங்கள், சட்டம் சொல்வது குறைந்தபட்சத்தைத்தான்.

ஓட்டோ ஓடுபவர், மேசன், தையல்காரி, ரியூஷன் நடத்துபவர் ஆகியோருக்கு முதலாளி இல்லை, ஈ.பி.எவ்வும் இல்லை. இவர்களுக்கு இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் உண்டு. 1996 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த சபை அது. சேரும் வயதையும் பின்னர் வேண்டும் ஓய்வூதியத்தையும் பொறுத்துத் தவணை மாறும். கொக்குவில்காரர் நல்லூர் பிரதேச செயலகத்தில் கேட்டால் போதும். சுயதொழில் செய்பவர் ஈ.ரி.எவ்விலும் தாமாகச் சேரலாம். இருபது வயதில் சேர்ந்தால் தவணை சின்னது, நாற்பதில் பெரிது. அந்த ஒரு காரணமே இன்றைக்குப் போகப் போதும்.

இனி வேலை. உங்கள் அங்கத்துவ இலக்கத்தையும் முதலாளியின் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். வேலை மாறிய ஒவ்வொரு முறையும் புது இலக்கம் வந்திருக்கும், பழைய கணக்குகளைத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தோடு ஒன்றாக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், ஈ.பி.எவ் பதிவில் இன்னொரு எழுத்துக்கூட்டல் என்றால் இப்போதே திருத்துங்கள். தகப்பனின் பெயரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றி எழுதும் எங்களுக்கு இது அடிக்கடி வரும் சிக்கல், 55 வயதில் திருத்தப் போனால் மாதக்கணக்கில் அலைய வேண்டும். அரையாண்டுக்கு ஒருமுறை நிறுவனத்துக்கு வரும் கணக்குக் கூற்றைக் கேட்டு வாங்கி, பே சிலிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னுரித்தாளர் யார் என்று பாருங்கள். கலியாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைக் கொடுத்தவர்கள் இப்போது மனைவி, பிள்ளைகளின் பெயரோடு புதிய நியமனம் கொடுக்கவேண்டும். கொடுக்காமல் இறந்தால் அந்தக் காசுக்காகக் குடும்பம் நீதிமன்றப் படி ஏறவேண்டி வரலாம். இந்த மாதச் சம்பளம் வந்ததும் பே சிலிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணக்காளரிடம் போய் ஒன்றொன்றாய்க் கேளுங்கள்.